படம் மாறட்டும், சட்டம் சுவரிலேயே இருக்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்

படச்சட்டங்களைப் பற்றி வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சுற்றியே நிற்கின்றன. உள்ளே இருக்கும் படத்தை அவ்வப்போது மாற்ற ஆசை இருக்கிறது. ஆனால் சட்டம் அதற்கு ஒத்துழைப்பதில்லை. அக்கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறேன்.

கேள்வி: பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். மாணவர்களின் ஓவியங்களைச் சட்டமிட்டுத் தாழ்வாரச் சுவரில் வைத்து, மாதம் ஒருமுறை மாற்றுகிறோம். ஒவ்வொரு முறையும் சட்டத்தை இறக்கி, கவிழ்த்துப் போட்டு, பின்பலகையைப் பிடித்திருக்கும் தகட்டு நாக்குகளை நிமிர்த்தி, படத்தை மாற்றிய பின் அவற்றை மறுபடியும் மடக்க வேண்டியிருக்கிறது. பல நாக்குகள் ஒடிந்துவிட்டன. கண்ணாடிக்கு உட்புறம் தூசியும் சேர்கிறது. படங்கள் ஏ4, ஏ3 ஆகிய இரண்டு அளவுகளிலும், நெடுக்கு வாக்கிலும் கிடை வாக்கிலும் வருகின்றன. தச்சரிடம் சொல்லிப் புதிய சட்டங்கள் செய்துகொள்ள எண்ணியிருக்கிறோம். அவற்றை எப்படி வடிவமைக்கச் சொல்வது?

பதில்: நீங்கள் வைத்திருக்கும் சட்டம், ஒருமுறை மூடினால் பல ஆண்டுகள் திறக்கப்படாமல் இருக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்யப்பட்ட பொருள். கண்ணாடி, படத்தைச் சுற்றி ஓரமாகத் தெரியும் மவுண்ட் அட்டை, படம், பின்பலகை என எல்லாம் பின்புறமிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கப்பட்டு, கடைசியில் ஆணிகளோ தகட்டு நாக்குகளோ அவை அனைத்தையும் அழுத்திப் பிடிக்கின்றன. மெல்லிய தகட்டை ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தும் ஒவ்வொரு முறையும் அந்த மடிப்பில் உலோகம் இறுகிக் கடினமாகி, நெகிழும் தன்மையை இழந்து, விரிசல் கண்டு ஒடிகிறது. கவனமாகக் கையாண்டாலும் அது ஒடியத்தான் செய்யும்.

ஆகவே வடிவமைப்பைத் தொடங்கும் முன், எது சுவரில் நிலையாக இருக்கப் போகிறது, எது கைக்கு வந்து போகப் போகிறது என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். என் பரிந்துரை இது: சுவரோடு திருகப்பட்ட ஆழம் குறைந்த ஒரு மரப்பெட்டி; அதன் முகப்பில் கண்ணாடியோ அக்ரிலிக்கோ பதித்த, கீலில் திறக்கும் ஒரு கதவு; உள்ளே, படத்தைத் தாங்கிய ஓர் அட்டையுறை. மாதந்தோறும் வெளியே வருவது அந்த அட்டையுறை மட்டுமே. பெட்டியும் கதவும் சுவரை விட்டு இறங்குவதில்லை.

அட்டையுறை என்று நான் சொல்வது, ஒரே அளவில் வெட்டிய இரண்டு அட்டைகளை ஒரு பக்கத்தில் துணிநாடாவால் இணைத்து, நோட்டுப் புத்தகத்தின் அட்டைகளைப் போலத் திறந்து மூடும்படி செய்வதை. மேல் அட்டையில் படத்துக்கான சன்னல் வெட்டப்பட்டிருக்கும். கீழ் அட்டையில் படத்தின் நான்கு மூலைகளைச் செருகும் காகித மூலைப்பைகள் ஒட்டப்பட்டிருக்கும். படத்தின் மீது பசையோ நாடாவோ படுவதே இல்லை. அடுத்த மாதத்துக்கான ஓவியங்களை மேசையில் நிதானமாக அமர்ந்து உறைகளில் வைத்து அடுக்கிவிடலாம். தாழ்வாரத்தில் நின்றபடி செய்ய வேண்டியது பழைய உறையை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது மட்டும்தான். அருங்காட்சியகங்களின் ஓவியத் தாள் பிரிவுகள் பலவும் இதே வழியைக் கையாளுகின்றன: படங்களின் அளவு எதுவாயினும் மவுண்ட் அட்டையின் வெளி அளவைச் சில நிலையான அளவுகளுக்குள் அடக்கிவிட்டால், அதே சட்டங்களை ஒவ்வொரு கண்காட்சிக்கும் மீண்டும் பயன்படுத்தலாம்.

இரண்டு அளவு, இரண்டு வாக்கு என்ற உங்கள் சிக்கலுக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. ஏ3 தாள் 297 × 420 மி.மீ.; ஏ4 தாள் 210 × 297 மி.மீ. சன்னல், படத்தை விட ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. சிறியதாக இருந்தால்தான் படத்தின் விளிம்பு அதன் பின்னால் மறைந்து நிற்கும். ஆகவே ஏ3-க்கு 291 × 414, ஏ4-க்கு 204 × 291 மி.மீ. என்று சன்னல்களை வெட்ட வேண்டும். வெளி அளவை 400 × 520 மி.மீ. என நீள்சதுரமாக வைத்தால், நெடுக்காக வரும் ஏ3 படத்தைச் சுற்றி ஏறக்குறைய 5 செ.மீ. ஓரம் கிடைக்கும், பார்வைக்கும் நன்றாக இருக்கும். ஆனால் ஏ3 கிடையாக வரும் நாளில் சன்னலின் அகலமான 414 மி.மீ. அந்த 400-க்குள் அடங்காது. சட்டத்தையே திருப்பி மாட்ட வேண்டி வரும். எனவே வெளி அளவை 520 × 520 மி.மீ. என்று சதுரமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஏ3 சன்னல் வெட்டிய ஒரே உறையைக் கால் சுற்று திருப்பினால் நெடுக்குப் படத்துக்கான இடம் கிடைப்படத்துக்கான இடமாகிவிடும். மவுண்ட் வெட்டுபவர்கள் கீழ் ஓரத்தைச் சற்று அகலமாக விடுவது வழக்கம். படம் சரிந்து நிற்பது போன்ற தோற்றத்தைத் தவிர்க்கவே அப்படிச் செய்கிறார்கள். இங்கே அதை விட்டுவிட்டுச் சன்னலைச் சரியாக நடுவில் வெட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் உறையை எப்படித் திருப்பினாலும் ஓரங்கள் ஒத்து வரும்.

கதவின் கீல் இடப்பக்கம் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. மேலே கீல் வைத்தால் ஒரு கை கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கீழே வைத்தால் பிடி நழுவிய நொடியில் கதவு தன் எடையோடு விழுந்து அறையும். பக்கவாட்டில் திறக்கும் கதவு, இரண்டு கைகளையும் வேலைக்கு விடுகிறது. கதவுச் சட்டத்தின் மூலைகளை 45 டிகிரி சாய்வாக வெட்டிப் பசையால் மட்டும் ஒட்டினால் நாளடைவில் மூலை விட்டு, கதவு தொங்கும். அடிக்கடி திறந்து மூடும் கதவு ஆதலால் மூலையில் குறுக்கே வெட்டி ஒரு மரச்சில்லைச் செருகி ஒட்டச் சொல்லுங்கள். மூடியபின் பிடித்துக்கொள்ளும் காந்தத் தாழ்களைத் திறக்கும் ஓரத்தின் நடுவில் ஒன்றாக வைக்காமல், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வைக்க வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் இருந்தால் மரம் சற்று முறுக்கிக்கொண்டாலும் மூலை வாய்திறந்து, அந்த வழியே தூசி புகும்.

பெட்டியின் உட்புறத்தில் தச்சர்கள் தவறவிடக்கூடிய இரண்டு நுணுக்கங்கள் உண்டு. முதலாவது, முன்பக்கம் திறக்கும் பெட்டியில் கதவைத் திறந்தவுடன் உறை முன்னால் சாய்ந்து முகத்தில் விழும். அதைத் தடுக்க, கீழ்ப்பலகையில் உறையின் அடி உட்காரும் அளவுக்கு ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்க வேண்டும். மேலே, உறையின் விளிம்பை லேசாக அழுத்திப் பிடிக்கும், விரலால் தள்ளினால் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் நாக்குகள் இரண்டு போதும். உறையை அடியில் வைத்து மேற்புறத்தைத் தள்ளினால் அது உட்கார்ந்துவிடும். இரண்டாவது, விரல் நுழைய இடம். பெட்டிக்குள் சரியாகப் பொருந்திய அட்டையை வெளியே எடுக்க நகத்தால் நெம்பினால் அட்டையின் ஓரம் நைந்துவிடும். உறை அமர்ந்திருக்கும் பின்பலகையில், கீலுக்கு எதிர்ப்பக்க ஓரத்தில், ஒரு விரல் நுழையும் அளவுக்கு அரைவட்டமாகக் குடைந்துவிட்டால், உறையின் பின்னால் விரலை விட்டு முன்னால் இழுத்துவிடலாம். சிறிய வேலைதான், ஆனால் படம் மாற்றுவது இலகுவாவதும் எரிச்சலாவதும் பெரும்பாலும் இந்தக் குடைவைப் பொறுத்தது.

பெட்டியின் உள் அளவு உறையை விட 3 மி.மீ. கூடுதலாக, அதாவது 523 மி.மீ. இருக்கட்டும், ஈரக்காலத்தில் மரமும் அட்டையும் உப்பும். ஆழத்தைப் பொறுத்தவரை, இரண்டு அட்டைகளுக்கு 3 மி.மீ., படத்துக்கு அரை மி.மீ., உறைக்கும் கண்ணாடிக்கும் இடையே சிறிது இடைவெளி என்று 6 மி.மீ. போதும். ஆனால் 15 மி.மீ. வைத்துக்கொண்டால், முந்தைய மாதங்களின் ஓவியங்களை உறைக்குப் பின்னாலேயே அடுக்கி வைக்கலாம். சாதாரண ஓவியத் தாள் ஒன்று கால் மி.மீ. கனம் இருக்கும் என்று கொண்டால் முப்பது தாள்கள் 7.5 மி.மீ. அளவில் அடங்கிவிடும்.

சுவரில் பொருத்த, பெட்டியின் பின்பலகை வழியாக இரண்டு திருகாணிகள், கிடைமட்டமாக, இயன்றவரை தள்ளித் தள்ளி. உறை அவற்றை மறைத்துவிடும். இரண்டு இடங்களில் பிடித்த பெட்டி, கதவைத் திறந்து மூடும்போது சாயாது. வெளிச்சுவராக இருந்தால் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே 5 மி.மீ. கனமுள்ள ரப்பர் வில்லைகளை வைத்துக் காற்றோட்டத்துக்கு வழி விடுங்கள்.

எல்லாச் சட்டங்களையும் ஒரே முறையில் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஒன்றைச் செய்து மாட்டி, அதைப் பற்றி எதுவும் தெரியாத சக ஆசிரியர் ஒருவரிடம் புதிய படத்தைக் கொடுத்து, ஒரு விளக்கமும் சொல்லாமல் மாற்றச் சொல்லுங்கள். அவருடைய கை முதலில் எங்கே போகிறது, எங்கே தயங்கி நிற்கிறது என்று பாருங்கள். திறப்பது, எடுப்பது, வைப்பது, மூடுவது என நான்கே செயல்கள்தான் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றுக்கும் கருவி தேவைப்படக் கூடாது. கை தயங்கிய இடம் எதுவோ, அதைத் திருத்திய பிறகு மற்றவற்றைச் செய்யச் சொல்லலாம்.

கேள்வி: கீலே இல்லாமல், முன்சட்டம் முழுவதும் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும்படி செய்ய முடியாதா? அது இன்னும் எளிதல்லவா?

பதில்: முடியும், சிறிய சட்டங்களுக்கு அதுவே மிக அழகான தீர்வு. 1980களில் நியோடிமியம் காந்தங்கள் புழக்கத்துக்கு வந்த பிறகுதான், ஒரு பொத்தான் அளவுள்ள காந்தத்தைக் கொண்டு இத்தகைய வேலைகளைச் செய்வது சாத்தியமாயிற்று. ஆனால் காந்தத்தின் இயல்பு ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். நேராகப் பிடித்து இழுத்தால் பெரும் பலத்தோடு எதிர்க்கும் காந்தம், பக்கவாட்டில் நகர்த்தினால் எளிதில் வழுக்கிவிடுகிறது. அந்தத் திசையில் அதைத் தடுப்பது உராய்வு ஒன்றுதான். சுவரில் தொங்கும் முன்சட்டத்தின் எடையோ எப்போதும் கீழ்நோக்கி, அதாவது காந்தம் வலுவிழந்து நிற்கும் திசையில்தான் இழுக்கிறது. எடை போட்டுப் பார்த்து வாங்கிய வலுவான காந்தமும் சில நாட்களில் மெல்ல மெல்ல நழுவுவது இதனால்தான்.

எனவே எடையைத் தாங்கும் வேலையைக் காந்தத்திடம் ஒப்படைக்காதீர்கள். பின்பெட்டியின் மேல் விளிம்பில் ஒரு சிறு படியை விட்டு, முன்சட்டம் அதன் மீது உட்காரும்படியோ, இரண்டு மரமுளைகள் இரண்டு துளைகளில் நுழையும்படியோ செய்துவிட்டால், எடை மரத்தின் மீது இறங்கும். முன்சட்டம் முன்னால் வராமல் பிடித்துக்கொள்வது மட்டுமே காந்தத்தின் பொறுப்பாகும். அதற்கு 10 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. கனமும் உள்ள காந்தங்கள் நான்கு போதும். காந்தத்தின் மேல் வார்னிஷோ துணியோ படிந்து ஒரு மி.மீ. இடைவெளி விழுந்தாலும் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், மரத்தில் குடைந்து, மேற்பரப்போடு சமமாக எப்பாக்ஸி பசையில் பதிக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் காந்தமே வைப்பதாக இருந்தால், மேலிரண்டு மூலைகளில் வடமுனை வெளியே தெரியும்படியும் கீழிரண்டு மூலைகளில் தென்முனை வெளியே தெரியும்படியும் முன்சட்டத்தில் பதித்து, பெட்டியில் அதற்கு எதிராகப் பதியுங்கள். அப்போது தலைகீழாக வைக்க முயன்றால் சட்டமே விலக்கித் தள்ளிவிடும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஒரு பக்கம் காந்தமும் மறுபக்கம் இரும்புத் தகடுமாக வைக்கலாம். பிடிப்பு சற்றுக் குறையும்.

சிறு குழந்தைகள் இருக்கும் இடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இந்தக் காந்தங்கள் பெயர்ந்து விழுந்து, குழந்தை ஒன்றுக்கு மேற்பட்டவற்றை விழுங்கிவிட்டால், குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து அவை ஒன்றையொன்று இழுத்து இடையில் உள்ள குடற்சுவரைத் துளைத்துவிடக்கூடும். அறுவைச் சிகிச்சை வரை போகும் ஆபத்து அது. பசையை மட்டும் நம்பாமல், காந்தத்தின் மேல் மெல்லிய தகடு ஒன்றைத் திருகி மூடிவிடுங்கள். பிடிப்பு குறைவதை ஈடுகட்டச் சற்றுப் பெரிய காந்தமாகத் தேர்ந்தெடுத்தால் போயிற்று.

கேள்வி: கண்ணாடியா, அக்ரிலிக்கா?

பதில்: அடிக்கடி கையாளும் சட்டத்துக்கு அக்ரிலிக் என்பேன். 2 மி.மீ. கனமுள்ள கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ. அதே கனமுள்ள அக்ரிலிக் 2.4 கிலோ அளவே வரும். மேலே சொன்ன 52 செ.மீ. சதுரக் கதவுக்கு இது 1.35 கிலோவுக்கும் 0.65 கிலோவுக்கும் இடையே உள்ள வித்தியாசம். கீலுக்கும் மூலை இணைப்புக்கும் அது பெரிய வித்தியாசம். உடைந்தாலும் கூரிய சில்லுகளாகச் சிதறாது என்பது அதைவிடப் பெரிய நன்மை.

ஆனால் அக்ரிலிக் எளிதில் கீறிவிடும். துடைக்கும்போது நிலைமின்னூட்டம் ஏறி, தூசியை இழுக்கும். பேஸ்டல், கரிக்கோல் போன்றவற்றால் வரைந்த படங்களின் துகள்களையும் தாளிலிருந்து இழுத்துவிடும். அத்தகைய படங்களுக்குக் கண்ணாடிதான் பொருத்தம். அம்மோனியாவோ ஸ்பிரிட்டோ கலந்த கண்ணாடித் துடைப்பான்களை அக்ரிலிக் மீது படவிடாதீர்கள். நுண்ணிய வெடிப்புகள் ஓடும். மென்மையான ஈரத்துணியே போதும். மேலும், வெப்பம் 20 டிகிரி ஏறினால் 520 மி.மீ. அக்ரிலிக் முக்கால் மி.மீ. அளவுக்கு நீளும், கண்ணாடி 0.1 மி.மீ. கூட நீளாது. ஆகவே அக்ரிலிக்கை இறுகப் பொருத்தாமல், சுற்றிலும் ஒரு மி.மீ. இடம் விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் நடுவில் புடைத்து நிற்கும்.

கேள்வி: புதிதாகச் செய்ய வசதியில்லை. பின்னால் ஆணி அடித்த பழைய சட்டங்களையே எளிதாக மாற்றும்படி திருத்த வழியுண்டா?

பதில்: உண்டு, நல்ல மரச்சட்டமாக இருந்தால் திருத்துவதே சிறந்தது. பின்புறம் ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கிழித்துவிட்டு, ஆணிகளைக் குறடால் பிடுங்கிவிடுங்கள். அவற்றுக்குப் பதிலாக, ஒரு திருகாணியில் அச்சுப்போலச் சுழலும் சிறு உலோகப் பட்டைகளைப் பக்கத்துக்கு இரண்டாகப் பொருத்தலாம். பட்டையைச் சுழற்றினால் பின்பலகை விடுபடும். மறுபடியும் சுழற்றினால் பிடித்துக்கொள்ளும். மடக்குவது என்ற வேலையே இல்லாததால் ஒடிவதற்கு ஒன்றுமில்லை.

மரத்தில் நேரடியாக இறக்கிய திருகாணி, சுழற்றிச் சுழற்றி நாளடைவில் துளையைப் பெரிதாக்கித் தளர்ந்துவிடும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். சட்டமானால் இன்னும் விரைவில். ஆகையால் துளைக்குள் உட்புறம் மரை வெட்டிய பித்தளைக் குழல் ஒன்றைச் செருகி, அதில் சிறிய மரையாணியை முடுக்குவது நிலைத்து நிற்கும். பின்பலகை சட்டத்தின் பின்விளிம்பை விட உள்ளே அமிழ்ந்திருந்தால் பட்டை அதைத் தொடாது. இடைவெளியின் அளவுக்கு ஃபெல்ட் துணித் துண்டுகளைப் பின்பலகையின் ஓரத்தில் ஒட்டிவிட்டால், அழுத்தமும் சீராகும், தூசிக்கும் தடையாகும்.

சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்க வேண்டியிருப்பது மட்டும் மாறாது. அந்த வேலையையேனும் எளிதாக்க, கம்பியில் தொங்கவிடுவதை விட்டு, 45 டிகிரி சாய்வாக நீளவாக்கில் வெட்டிய இரண்டு மரப்பட்டைகளைப் பயன்படுத்துங்கள். ஒன்றைச் சாய்வு மேல்நோக்கி, அதன் கூரிய விளிம்பு முன்னால் இருக்கும்படி சுவரிலும், மற்றதைச் சாய்வு கீழ்நோக்கி, கூரிய விளிம்பு சுவர்ப் பக்கம் இருக்கும்படி சட்டத்தின் முதுகிலும் திருகிவிட்டால், சட்டத்தைத் தூக்கினால் கழன்று வரும், வைத்தால் தானாகச் சரியான இடத்தில் உட்காரும். ஒவ்வொரு முறையும் சமமட்டம் பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: மேற்புறத்தில் பிளவு வைத்து, அதன் வழியாகப் படத்தை இறக்கும் சட்டம் ஒன்று வைத்திருக்கிறேன். தாள் பாதி வழியிலேயே மடங்கிச் சிக்கிக்கொள்கிறது. ஏன்?

பதில்: தாளைத் தனியாக இறக்குவதால். காற்றின் ஈரத்துக்கேற்பத் தாள் சுருளும். சுருண்ட தாள் பிளவின் இரு சுவர்களிலும் உரசும். மேலிருந்து தள்ளும்போது அது வளைவதைத் தடுக்க அதற்குள் எந்த விறைப்பும் இல்லை. 1.5 மி.மீ. கனமுள்ள அட்டை ஒன்றில் மூலைப்பைகளை ஒட்டி, படத்தை அதில் வைத்து அட்டையோடு இறக்குங்கள். பிளவின் அகலம் 3 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். அதன் வாயை இருபுறமும் சற்றுச் சாய்வாக இழைத்துவிட்டால் அட்டை தட்டாமல் நுழையும். அட்டையின் மேல் விளிம்பு சட்டத்தை விட 2 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எடுப்பதற்கும் பிடி கிடைக்கும். பிளவு மேலே இருப்பதால் தூசி நேரே உள்ளே விழும். மேலே ஒரு மூடுபட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குடும்பத்தின் பழைய புகைப்படங்களை மாற்றி மாற்றி வைக்க விரும்புகிறேன். அப்படி அடிக்கடி எடுத்து வைப்பது அவற்றுக்குக் கெடுதல் அல்லவா?

பதில்: கைபடுவதால் வரும் கெடுதலை விட, ஒரே படத்தை ஆண்டுக்கணக்கில் வெளிச்சத்தில் வைத்திருப்பதால் வரும் கெடுதல் பெரிது. ஒளியால் நேரும் சேதம் சேர்ந்துகொண்டே போவது. இருட்டில் வைத்தால் நின்றுவிடும், ஆனால் மங்கிய நிறம் ஒருபோதும் திரும்பி வராது. ஒளியின் அளவையும் அது பட்ட நேரத்தையும் பெருக்கிவரும் தொகைதான் கணக்கு. நான்கு படங்களை மூன்று மூன்று மாதங்களாக முறைவைத்து மாட்டினால் ஒவ்வொன்றும் ஆண்டுக்குக் கால்பங்கு ஒளியை மட்டுமே ஏற்கிறது. தாளில் வரைந்த ஓவியங்களையும் புகைப்படங்களையும் 50 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவு மங்கலான ஒளியில், அதுவும் சில மாதங்களுக்கு மட்டுமே அருங்காட்சியகங்கள் காட்சிக்கு வைப்பது இதற்காகவே. நேர் வெயிலின் ஒளி 1,00,000 லக்ஸை எட்டக்கூடியது என்பதை நினைத்தால், சன்னலுக்கு எதிரே மாட்டிய படம் ஏன் விரைவில் வெளிறுகிறது என்பது விளங்கும். ஆகவே எளிதில் மாற்றக்கூடிய சட்டம் என்பது உங்கள் புகைப்படங்களுக்குப் பாதுகாப்பும்கூட.

மூன்று காரியங்களில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். புகைப்படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. படத்தின் மேற்பூச்சான ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் உருவமும் உரிந்து வரும். மவுண்ட் அட்டையின் கனமே தேவையான இடைவெளியைத் தந்துவிடும். அந்த அட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும். மலிவான மரக்கூழ் அட்டையில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் நாளடைவில் சிதைந்து, சன்னலின் ஓரத்தை ஒட்டிப் படத்தில் பழுப்புக் கோடு விழச் செய்யும். பிளாஸ்டிக் மூலைப்பைகள் பாலியெஸ்டராக இருக்கட்டும், பி.வி.சி. வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படம் இருந்தால் இழுத்துப் பார்க்காமல் கண்ணாடியோடு அப்படியே வைத்துப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஒரே பிரதியாக இருக்கும் படங்களுக்கும் நல்ல படியெடுத்து, படியை மாட்டி, மூலத்தை இருட்டில் வைப்பதே சரி.

கேள்வி: எங்கள் நூலகத்தில் காட்ட வேண்டிய படங்கள் மிகுதி, சுவரோ சிறிது. மாற்றுவதற்கு ஆளும் கிடையாது. பார்வையாளர்களே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளும்படி ஏதாவது செய்யலாமா?

பதில்: இந்தச் சிக்கலுக்கு 1824-லேயே ஒருவர் விடை கண்டார். லண்டனில் கட்டடக் கலைஞர் ஜான் சோன் தம் வீட்டில் அமைத்த ஓவிய அறையில், சுவர்களே கீலில் திறக்கும் பெரிய பலகைகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றைத் திறந்தால் அதன் முதுகிலும் ஓவியங்கள், அதற்கு அப்பால் இன்னோர் அடுக்கு. சிறிய அறையொன்றில் நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்கள் அடங்கியிருக்கின்றன. இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அந்த வீட்டில் இப்போதும் அவற்றைத் திறந்து காட்டுகிறார்கள்.

நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு செங்குத்துக் கட்டையில் புத்தக ஏடுகளைப் போலத் திரும்பும் ஆறேழு இருபக்கச் சட்டங்களைப் பொருத்தினால் பன்னிரண்டு, பதினான்கு படங்களுக்கு இடம் கிடைக்கும். எடைக் கணக்கை மட்டும் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ. அகலமும் 8 கிலோ எடையும் உள்ள ஓர் ஏட்டை எடுத்துக்கொண்டால், அதன் எடை கீலிலிருந்து 30 செ.மீ. தள்ளி இறங்குவதால், மேல் கீலைச் சுவரிலிருந்து பிடுங்க முயலும் விசை, இரண்டு கீல்களுக்கும் இடையே 40 செ.மீ. தூரம் இருந்தால் 6 கிலோ எடைக்குச் சமம், 80 செ.மீ. இருந்தால் 3 கிலோ. எனவே கீல்களை இயன்றவரை மேலும் கீழுமாக ஒதுக்கி வையுங்கள். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடுங்கள். பார்வையாளர்கள் ஏட்டின் ஓரத்தைப் பிடித்துத்தான் திருப்புவார்கள் என்பதால், அங்கே விரல் பதியும் அளவுக்கு ஒரு நீண்ட காடி எடுத்துவிட்டால் அக்ரிலிக்கின் மீது கைரேகை படாது. ஏடுகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, ஒவ்வொன்றின் ஓரத்திலும் மேலும் கீழும் ஃபெல்ட் வில்லைகளை ஒட்டச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் படங்களை மாற்ற, ஒவ்வோர் ஏட்டின் மேல் விளிம்பிலும் முன்பு சொன்ன மூடுபட்டையுடன் கூடிய பிளவை வைத்துக்கொண்டால் போதும். பொதுமக்கள் திறக்காதபடி அந்தப் பட்டையை அறுகோணத் தலையுள்ள ஒரே திருகாணியால் முடுக்கி, அதற்கான சாவியை நூலகர் மேசையில் வைத்துக்கொள்ளலாம்.